உரலடியில் சொன்ன பாஸ்வேர்ட்

கோயில் முற்றத்தில் சுலோஜனா நெல் குற்றிக்கொண்டிருந்தாள். அம்மன் சடங்குப் பொங்கலுக்கான நெல். தொடங்கிவிட்டால், முடியும்வரை உரலை விட்டுப் போகக் கூடாது. எதிரே நின்று மாறி மாறி உலக்கை போட்டவள் பிரஷாந்தி, சுலோஜனாவின் கணவன் யோகராசாவுடைய தம்பியின் மனைவி.

கல்லடியில் வீட்டிலிருந்தே கடிதம், விண்ணப்பம், முறைப்பாடு எல்லாம் அடித்துக் கொடுப்பவள் சுலோஜனா. வீட்டில் ஒரே கொம்பியூட்டர். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு, தன் வேலைக்கு வேறு கணக்கு, வேறு பாஸ்வேர்ட். கறியைக் கிளறப் போனாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழும்புவாள். "மனேச்சர் அம்மா பெட்டகத்தைப் பூட்டுறா" என்று யோகராசா பகிடி பண்ணுவான். ஊர்ப் பெண்கள் அந்தப் பூட்டை நம்பித்தான் அவளிடம் வந்தார்கள்.

பிரஷாந்தியும் ஒருநாள் அப்படி வந்திருந்தாள். கணவன் உதயரூபன் அடித்த காயங்களின் படங்களைக் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல முறைப்பாட்டைச் சுலோஜனா கொம்பியூட்டரில் தட்டி வைத்தாள்.

"பொலிசுக்குப் போகத் துணிவு வந்தா எடுப்பன் அக்கா. அதுவரைக்கும் உங்களிட்ட இரிக்கட்டும்."

உரலடியில் போன் அடித்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த இரத்தினம்மா எடுத்துச் சுலோஜனாவின் காதில் வைத்தாள். யோகராசா.

"சுலோ, சடங்கு நோட்டீஸ் உன்ட கணக்குக்குள்ளதான் கிடக்கு. அச்சடிக்கிற பிரஸ்காரர் வந்து நிக்கிறார். பாஸ்வேர்டைச் சொல்லு."

"நான் வந்து எடுத்துத் தாறன்."

"உலக்கையை வெச்சிட்டு வரப்போறியா?"

"சொல்லிக் குடுகா" என்றாள் இரத்தினம்மா. "அம்மன்ட வேலைதானே. புரிசனுக்கு மறைச்சு என்னத்தக் கட்டி வெச்சிரிக்காய்?"

பெண்கள் சிரித்தார்கள். சுலோஜனா சொன்னாள். எதிர் உலக்கை ஒருமுறை பிந்தி விழுந்தது.

யோகராசா கெட்டவனல்ல. நோட்டீசைத் தேடும்போது தம்பி மனைவியின் பெயர் கண்ணில் பட்டது. திறந்து பார்த்துப் பதறினான். தம்பிக்குப் புத்தி சொல்ல அன்றிரவே போனான். உதயரூபன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அண்ணன் போனதும் கதவைச் சாத்தினான்.

சடங்கு முடிந்த மறுநாள் பிரஷாந்தி வந்தாள். இடது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது.

"இனி அங்க போகாத. இங்க இரி மனே."

"அது என்ட சீதன வீடு அக்கா. அம்மா எனக்கெண்டு கட்டினது. கலியாணம் கட்டி வந்தவர் இரிக்க, நானா வெளிக்கிடுற?"

"நான் பூட்டித்தான் வெச்சிருந்தன்..."

"ஓம். நீங்க சொல்லக்குள்ள நானும் முன்னாலதானே நிண்டன். அவ்வளவு சனத்துக்குள்ள வேணாமெண்டு என்னெண்டு சொல்ற?"

சுலோஜனா கொம்பியூட்டரைத் திறந்தாள். அந்தக் கோப்புக்கு மட்டும் புதுப் பாஸ்வேர்ட் கேட்கும் இடம்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீயே அடி. எனக்கும் தெரிய வேணாம். ஒண்டும் அழியல்ல, எல்லாம் அப்படியே இரிக்கு."

எழுத்துத் தட்டும் சத்தம் வரவில்லை.

"அடிச்சிட்டியா மனே?"

திரும்பினாள். பிரஷாந்தி ஒற்றைக் கையால் வாசல் சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.