தட்டு வைத்தவரும் தண்ணீர் ஊற்றியவளும்

ஒரு தட்டில் கொசுப்புழு நெளிந்தால் குற்றம் யாருடையது? தட்டை வைத்தவருடையதா, தண்ணீர் ஊற்றியவளுடையதா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

கொடைக்கானலில் வாங்கிய சிம்பிடியம் ஆர்க்கிட்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். குளிர்ப் பிரதேசச் செடி. குழந்தைக்கு ஒரு சிரப் வாங்கினாலும் கடைக்காரரை ஒன்பது கேள்வி கேட்பவள் நான். சென்னை அயனம்பாக்கத்து வெயிலை இது தாங்குமா என்று மட்டும் கேட்கவில்லை. பூவைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

பால்கனியில் வைத்தோம். பூ உதிர்ந்தது. சித்திரையில் இலை நுனிகள் கருகின. தினமும் மாலையில் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டேன். என் கணவர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பித் தொட்டிக்கு அடியில் வைத்தார்.

"இதுல எப்பவும் தண்ணி நிக்கணும். செடிக்கு ஈரக்காத்து கிடைக்கும்" என்றார். அதோடு அவர் வேலை முடிந்தது. தினமும் ஊற்றியது நான்.

ஒரு நாள் காலை, டெங்குக் கொசு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கும் மாநகராட்சி ஊழியர் அம்மா வந்தார். தட்டில் டார்ச் அடித்தார்.

"இன்னாம்மா, கைக்கொயந்த கீற ஊட்ல கொசு வளத்துகினு கீற? வந்து பாரு, எப்டி நெளியுதுன்னு!"

குனிந்து பார்த்தேன். மாமியார் விடவில்லை. "செடிக்கு ஐஸ் வெக்கத் தெரியுது, புள்ளய கொசு கடிக்கிறது தெர்லியா?"

கணவர் ஹாலிலிருந்தே சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் நம்மூருக்கு ஆவாதுன்னு."

"தட்டு வெச்சதே நீங்கதானே?"

"வெச்சது நான். தண்ணி ஊத்தினது யாரு?"

சொல்லிவிட்டு மறுபடி போனைப் பார்த்தார். அந்தப் போனைப் பிடுங்கி அதே தட்டில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற்ற வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

மகளின் தொடையில் இரண்டு சிவந்த தடிப்புகள். அந்த வாரம் முழுக்க நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கணவர் ஒரு முறைகூடத் தெர்மாமீட்டரைக் கையில் எடுக்கவில்லை. நல்லவேளை, காய்ச்சல் வரவில்லை.

தட்டை எடுத்துவிட்டேன். இப்போது இலைகள் மஞ்சளாகின்றன. தூக்கிப் போடு என்கிறார் மாமியார். தண்ணீர் தேங்காமல் இந்தச் செடியை நம் ஊரில் காப்பாற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முடியாது என்றாலும் சொல்லுங்கள், தூக்கிப் போட்டுவிடுகிறேன். வீடியோ பார்த்துச் சொல்லாதீர்கள். செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.