திரும்பிப் போகாத இளவரசன்

அம்மாவின் சாம்பல், அகதியாய் வந்த குளிர்நாட்டில், பார்க்டேலில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில், உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. அண்ணன்தான் வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த ஐயர் இங்கேயே ஆற்றில் கரைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"நாடு கிடைக்கட்டும். கீரிமலையிலை கரைப்பம்."

ஊரில் நாங்கள் சாம்பல் கரைக்கும் கடற்கரை, கீரிமலையோ ஆமியின் பிடியில். அவனுக்கென்ன, இயக்கக் கூட்டம் கூட்டமென்று போய்விடுவான். சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தால் அம்மாவின் முகத்தில் முழிப்பது நான். பெற்ற தாய் கரைசேராமல் சேலைகளுக்கு மேல் இருக்கிறாள் என்றால் யாருக்கு நித்திரை வரும்?

கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஒரு பல்கேரியர் வருவார். என் வயதுதான். ஒருநாள் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் தங்கள் கதையைச் சொன்னார். துருக்கியர் பல்கேரியாவைப் பிடித்த பிறகு, பழைய அரசர்களின் பிள்ளைகள் இருவர், ஒன்றுவிட்ட சகோதரர்கள், சனத்தைத் திரட்டிக் கலகம் செய்தார்களாம். கொஞ்சக் காலம் சில ஊர்கள் கையில் இருந்தன. பிறகு துருக்கியர் அடித்து நொறுக்கிவிட்டார்கள். ஒருவன் சீக்கிரமே செத்தான். மற்றவன் அயல்நாட்டு அரசனிடம் ஒதுங்கி, திரும்பிப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அங்கே கிழவனாகிச் செத்தான்.

"பிறகு நாடு எப்போது கிடைத்தது?" என்று கேட்டேன்.

"அவன் செத்து நானூறு வருஷம் கழித்து" என்றார், காலுறைகளைச் சோடி சேர்த்தபடி.

மேலே வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"உது அவங்கடை கதை. எங்கடை இயக்கப் பெடியள் விடமாட்டாங்கள். வாற தைப்பொங்கலுக்குக் கீரிமலை."

"அதுக்கு அம்மா என்ன பாவம் செய்தவ?"

சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டான்.

ஆமி முன்னேறி, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த செய்தி வந்தது. தைப்பொங்கலைச் சித்திரைக்குத் தள்ளினான், அவ்வளவுதான். இரண்டொரு வருஷத்தில் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழும்பவில்லை. தனக்கும் கீரிமலைதான் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருந்தானாம். அவர்கள் வந்து எனக்குப் புத்தி சொன்னார்கள்.

"அக்கா, அது அண்ணையின்ரை ஆசை. சாம்பலைப் பத்திரமா வைச்சிருங்கோ."

ஏன், அவர்கள் வீட்டில் அலுமாரி இல்லையா?

அவனுடைய அந்தியேட்டியன்று இரண்டு பேரையும் ரூஜ் ஆற்றுக்குக் கொண்டுபோனேன். முதலில் அம்மாவை விட்டேன். "இது கீரிமலை இல்லையணை, பொறுத்துக்கொள்" என்றேன். அவ பொறுத்துக்கொள்ளுவா.

அண்ணன் பொறுக்கமாட்டான். அவனுக்குப் பொய்தான் சொன்னேன்.

"கீரிமலை வந்திட்டுது, அண்ணா. இறங்கு."