பொலிஸ் மையவாடியில் ஒரு பிடி மண்

காலை 6.40. திருகோணமலையில் மூதூர் பஸ் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடக்கும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: தன் அப்பப்பாவைப் புதைத்த இடத்திலிருந்து ஒரு பிடி மண். அவர் பொலிஸ்காரர். முதலாம் உலகப்போர் முடிகிற நேரம் உலகையே வாரிக்கொண்டு போன காய்ச்சலில், மூதூருக்கு அப்பால் ஒரு முனையில் காவல் நின்று செத்தவர் என்று வீட்டில் கதை. எரிக்கவுமில்லை, எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவுமில்லை. சாம்பலுக்குப் பதிலாக அந்த மண்ணைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டால் தான் நிம்மதியாகக் கண்மூடலாம் என்றா அம்மா.

காலை 8.15. மூதூர்க் கரையில் நிஸ்தார் என்ற மீனவர் ஆறாயிரம் ரூபாய்க்குப் படகில் கூட்டிப்போகச் சம்மதித்தார். கடலால் ஐந்து கிலோமீற்றர்.

"அது பொலிஸ் மையவாடி, டீச்சர். பொலிஸ்காரர அடக்கின இடம். இறங்கலாம், கும்பிடலாம். ஒண்டையும் எடுக்க ஏலாது."

"ஒரு சிப்பிகூடவா?"

"சிப்பியும்தான்."

நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். பேயை நம்புவதில்லை, விளக்கை அணைத்துவிட்டு நம்பாமலிருக்கவும் துணிந்ததில்லை.

காலை 9.05. முனையருகே எஞ்சினை நிறுத்தி, ஆளில்லாத கரையைப் பார்த்து நிஸ்தார் உரத்துச் சொன்னார்: "ரெண்டு பேர்! காய்ச்சல் இல்ல!"

யாருக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். காய்ச்சல்காரரை இங்கேதான் இறக்கி வைத்தார்களாம். ஆளோ துணியோ பாத்திரமோ ஊருக்குள் போகாமல் மறித்தவர்கள் நான்கு பொலிஸ்காரர். மூன்று பேர் செத்த பிறகும், நான்காவது ஆள் தான் விழும்வரை ஒவ்வொரு படகையும் மறித்துக் கேட்டாராம்.

"அவங்களாலதான் எங்கட ஊர் தப்பினது. இண்டைக்கும் நாங்க சொல்லிட்டுத்தான் போறம்," என்றார்.

பற்றைப் புதருக்குள் பெயரில்லாத நான்கு கற்கள். குருவிச் சத்தமில்லை. ஒரு நண்டுகூட ஓடவில்லை. எந்தக் கல் எங்களுடையது என்று தெரியாமல் நான்கிலும் கற்பூரம் ஏற்றினேன். நிஸ்தார் படகடியில் முதுகைக் காட்டி நின்றார். நான்கு கல்லடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மண் கிள்ளி, சோறு பொதியும் லஞ்ச் சீற்றில் பொதிந்து கைப்பைக்குள் வைத்தேன். யாரோ என் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் பிடரி கூசியது.

காலை 9.50. கரையை விட்டு விலகியதும் மறுபடி எஞ்சின் நின்றது. "ரெண்டு பேர்! கையில ஒண்டுமில்ல!"

காத்திருந்தோம். கரைக்காற்று என் சேலையைக் கடல்பக்கம் இழுத்தது. படகு மட்டும் அசையவில்லை. நங்கூரமோ என் காலடியில் கிடந்தது.

நிஸ்தார் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "டீச்சர், நான் பொய் சொல்லிட்டனா?"

பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் பிடுங்கித் தின்றது. என் பூட்டனார் உயிரைக் கொடுத்து மறித்த வழியால் அவருடைய பூட்டப்பிள்ளை கள்ளமாகக் கடத்துகிறாள்! கரைக்குத் திரும்பி மண்ணை நான்கு கல்லடியிலும் பிரித்துக் கொட்டினேன். பையையும் உதறிக் காட்டினேன். யாருக்கென்று கேட்காதீர்கள். இரண்டாம் முறை நிஸ்தார் கூவியதும் படகு தானாக விலகத் தொடங்கியது.

காலை 11.20. மூதூர்த் தேநீர்க்கடையிலிருந்து அம்மாவுக்கு அழைத்தேன்.

"எடுத்தனியே பிள்ளை?"

"எடுத்தனான் அம்மா. கொண்டுவர விடேல்லை."

"ஆர் விடேல்லை?"

நடந்ததைச் சொன்னேன். அம்மாவின் கடைசி ஆசையைக் கெடுத்துவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டேன்.

"அப்ப அவர் இன்னும் டியூட்டியிலதான் நிக்கிறார்," என்றா அம்மா, பல மாதங்களாக நான் கேட்டிராத தெளிந்த குரலில். "செத்த ஆக்களுக்குத்தானே பிள்ளை மண் கரைக்கிறது. நீ வெறுங்கையோட வா."