நாலாவது பாயிண்ட்ல மூணு தட்டு

மொதல்லயே சொல்லிடுறேன், எனக்குப் பேய், பிசாசு, ஜின்னு எதுலயும் நம்பிக்கை கெடையாது. எங்க அத்தா தாயத்து கட்டிவிட்டப்பவே அவுத்து ஜாமெட்ரி பாக்ஸ்ல போட்டவ நான். சிரிக்கறதுன்னா சிரிச்சுக்குங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

தொண்ணூறுகளோட கடைசி. ஓசூர்ல, தண்ணிக்குப் போர் போட எடம் பாத்துச் சொல்ற ஒரு சின்ன ஆபீசுல கம்ப்யூட்டர் வேலை எனக்கு. நெலத்துல இரும்புத் தட்டு வச்சுச் சம்மட்டியால ஓங்கி அடிப்பாங்க, அந்த அதிர்வு பாறை, மண்ணு, தண்ணின்னு போயிட்டு வர்றத மிஷின் பதிவு பண்ணும், நான் அதைக் கோடாப் பாத்து எங்க தோண்டலாம்னு சொல்லணும். மேலேர்ந்து அடிச்சா கோடு மொதல்ல கீழ எறங்கும், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

சம்மட்டி அடிக்கிறவர் பக்கத்துல தளி ஊர்க்காரர், மாதப்பா. ஓங்கி அடிக்கறதுக்கு முன்னாடி தட்டு மேல லேசா டொக் டொக்னு ரெண்டு, கொஞ்சம் விட்டு இன்னொண்ணு தட்டுவார். அது பதிவுலயும் விழுந்து தொலைக்கும், நான் கத்துவேன். "யார் வீட்டுக்குப் போனாலும் கதவத் தட்டாம போவமாம்மா?"ம்பார். "உள்ள யாரு உக்காந்திருக்கா, டீ போட்டுத் தர?"ன்னு நானும் விடமாட்டேன். தங்கமான மனுஷன். மஞ்சக்காமாலைல ஒரே வாரத்துல போய்ச் சேந்துட்டார்.

அடுத்த மாசம் பாகலூர் லட்சுமம்மா நெலம். புருஷன் இல்ல, ரெண்டு பொண்ணுங்க, ஏற்கெனவே போட்ட மூணு போர்லயும் புழுதிதான் வந்துச்சு. இதுவும் போச்சுன்னா நெலத்த வித்துட்டுப் பெங்களூருக்கு வீட்டு வேலைக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. மறுநாள் காலைல திருச்செங்கோட்டுப் போர் வண்டி வருது, விட்டா அடுத்து எப்ப கெடைக்குமோ. அஞ்சு எடத்துல புது ஆளு ஒருத்தர் அடிச்சார், தட்டவெல்லாம் இல்ல, ஓங்கி ஒரே போடு.

கைவசம் ஒரே ஒரு ஃபிளாப்பிதான் நல்லா இருந்துச்சு. அஞ்சையும் அதுலயே அடைக்கலாம்னு வேவ்லெட்ங்கற கணக்கு முறைல சுருக்கினேன். அது பெரிய அதிர்வ வச்சுக்கிட்டுச் சின்னதத் தூக்கி எறிஞ்சுடும், எவ்வளவு எறியலாம்னு நாமதான் சொல்லணும். நான் பேராசைப்பட்டு ரொம்ப அதிகமாக் குடுத்து, அசலயும் அழிச்சுட்டேன். புத்தி எங்க போச்சோ!

மத்தியானம் ஆபீசுல கறுப்பு ஸ்க்ரீன்ல கமாண்ட் அடிச்சு ஒவ்வொண்ணா விரிச்சேன். மொத மூணும் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்துச்சு, எனக்கு வேணுங்கற சின்ன நெளிவு ஒண்ணுகூட இல்ல. மிஷினயும் வேற ஊருக்கு அனுப்பியாச்சு. எதிர் பெஞ்சுல லட்சுமம்மா தூக்குச்சட்டிய மடில வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குறாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "அக்கா, தப்பு பண்ணிட்டேன். இத நம்பித் தோண்ட முடியாது, வண்டிய நிறுத்திடுங்க"ன்னேன்.

"இன்னும் ரெண்டு இருக்குதல்லம்மா, அதையும் பாத்துரு"ன்னாங்க.

நாலாவத விரிச்சேன். பெரிய அடிக்கு முன்னாடி ரெண்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு.

அவ்வளவு சின்னது அந்தச் சுருக்கத்துல தப்பிக்கவே முடியாதுங்க, அல்லா மேல ஆணையாச் சொல்றேன்! ஒடனே பிரிண்ட் எடுத்தேன். அஞ்சாவதுல ஒண்ணுமில்ல. மறுபடி நாலாவத விரிச்சா அதுலயும் இல்ல. பத்து தடவ விரிச்சுப் பாத்தேன், இல்லவே இல்ல.

லட்சுமம்மா கிட்ட மாதப்பா கதைய அப்படியே சொல்லி, "நாலாவது. ஆனா இது என் படிப்பு சொல்றது இல்லக்கா, இனி உங்க இஷ்டம்"ன்னேன். தூக்குச்சட்டிய எடுத்துக் கையில மாட்டிக்கிட்டாங்க. அப்புறம், "போனவரு பொய் சொல்லி என்ன ஆகப் போகுது? அங்கயே போடலாம்"ன்னு எந்திரிச்சாங்க.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் தண்ணி பீச்சி அடிச்சுது. சின்னப் பொண்ணு சேறோட ஓடி வந்து என்னைக் கட்டிக்கிச்சு, அந்த மாதிரி சந்தோஷத்துல நான் அதுக்கு முன்னாடி அழுததே இல்ல. இன்னிக்கும் அவங்க நெலத்துப் பூவு பெங்களூருக்குப் போகுது, அவங்க போகல.

தற்செயலும்பீங்க. நானும் அப்படித்தான் மனசத் தேத்திக்கிட்டேன், அன்னிக்குச் சாயந்திரம் பிரிண்ட்ட ஒழுங்கா விரிச்சுப் பாக்கற வரைக்கும். பேப்பர் இன்னும் என் பீரோவுல இருக்கு, வந்து பாருங்க. பெரிய அடிக்குக் கோடு கீழதான் எறங்குது. அந்த மூணு தட்டுக்கும் மேல ஏறுது. கீழேர்ந்து தட்டினாத்தான் அப்படி ஏறும்.