கியர்பாக்ஸும் அம்மாவின் இடது காலும்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது தார் போட்டிருக்கவில்லை. மழை பெய்தால் ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் வழி தவறி எங்கள் வாசலில் வந்து நிற்கும். அந்தத் தெருவில் ஒரு நாள் வெள்ளி நிறத்தில் புத்தம்புதுக் கார் ஒன்று குழிக்குக் குழி தலையாட்டிக்கொண்டு நுழைந்தது. ஓட்டிவந்தவர் ஷோரூம் ஆள். காரின் சொந்தக்காரரான அப்பா பின்னால் தன் பழைய ஸ்கூட்டரில் வந்தார். ஷோரூமுக்கு ஸ்கூட்டரில் போனவர், அதை அங்கேயே விட்டுவிட்டு வர மனமில்லாமல் அப்படிச் செய்துவிட்டார். அதனால் காரில் ஊர்வலமாக வரும் முதல் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமலே போயிற்று.

சிட்லபாக்கத்திலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஆரத்தித் தட்டோடு வந்திருந்தாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். மூன்று நசுங்கின. நான்காவது மட்டும் சக்கரத்துக்கு அடியிலிருந்து நழுவி முழுசாக உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. வேறு பழம் வைக்கலாம் என்று அத்தை சொன்னாள். அப்பா, மூன்று போதும் என்றார். பிற்பாடு அந்தக் காருக்கு நேர்ந்ததற்கெல்லாம் அத்தை சொல்லும் காரணம் அந்த ஒற்றை எலுமிச்சம்பழம்தான். கம்பெனிக்காரர்கள் சொன்ன காரணங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் மோசமான காரணமில்லை.

அப்பா, அம்மா இருவரும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரே டிரைவிங் ஸ்கூலில்தான் கார் ஓட்டக் கற்றார்கள். அம்மாவுக்கு முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைத்தது. அப்பாவுக்கு அடுத்த தடவை கிடைத்தது. இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்குப் போடுவது போலவேதான் காரும் ஓட்டுவாள். பதற்றம் கிடையாது, அடித்துத் திருத்துவது கிடையாது. அப்பா ஓட்டும்போது எதிரே வருகிற சைக்கிளுக்கும் ஹார்ன் அடிப்பார், ஓரமாகப் படுத்திருக்கிற மாட்டுக்கும் அடிப்பார்.

கார் வந்து இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகியிருக்காது. சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையை அப்பா அப்போதும் கழற்ற விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையின் வேண்டுதல் ஒன்றுக்காகத் திருநீர்மலைக்குக் கிளம்பினோம். போகும்போது அம்மா, வரும்போது அப்பா என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். பல்லாவரம் தாண்டித் திருநீர்மலைச் சாலையில் திரும்பியதுமே வண்டிக்கு அடியிலிருந்து தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டுவது போல் ஒரு சத்தம் வந்தது. அம்மா கியரை மாற்றப் பார்த்தாள். கம்பு அசைந்தது, கியர் விழவில்லை. மெல்ல ஓரம்கட்டி நிறுத்திவிட்டாள்.

அப்பா இறங்கிச் சுற்றிவந்து, "நகரு, நான் பாக்கறேன்" என்று ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். முதல் கியர் விழவில்லை. இரண்டாவது விழவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பின்பக்கமாக இழுத்தார். அது மட்டும் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கார் பின்னோக்கி நகர்ந்தது.

அதற்குள் பக்கத்து டீக்கடையிலிருந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே கேட்டார், "இன்னா சார் யோசன? அதான் ரிவர்ஸ் கீதே, அதுலயே போயேன். கோயிலு தோ, கிட்டத்தான் கீது."

அப்பா அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் திருப்பி, அதன் பின்பக்கம் கோயிலைப் பார்க்கும்படி நிறுத்தி, கழுத்தை முறுக்கிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார். அம்மா வண்டிக்குப் பின்னால், அதாவது அன்றைக்கு முன்னால், நடந்தபடி வழி காட்டினாள். தெருப்பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். அத்தைக்கு மட்டும் பெரிய கவலை. "டேய், பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போறோமேடா!" என்று புலம்பினாள். பிறகு சட்டென்று சீட்டின் மேல் முழங்காலிட்டுத் திரும்பி, பின்கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டாள். அப்பாவுக்குப் பின்பக்கம் தெரிந்தது அத்தையின் முதுகும் கொண்டையும்தான். "அக்கா, தலையக் குனிக்கா!" என்று அவர் கத்தினார். அவள் நமஸ்காரம் செய்வதற்காகத் தலையைக் குனிந்தாள். கார் கோயில் குளக்கரையைப் பத்திரமாக அடைந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கார்ப் பயணம் இன்றுவரை வாய்த்ததில்லை.

மறுநாள் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்த ஷோரூமின் சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியை இழுத்துப் போனார்கள். அதைப் பற்றிப் பேச அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டை கட்டிய ஒருவர் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சார், வண்டிய யார் யார் ஓட்டறீங்க?" என்று கேட்டார்.

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அல்லது அன்றைக்கு அப்படி இருந்தார். "நான் ஓட்டுவேன். வீட்ல அவங்களும் ஓட்டுவாங்க."

டை கட்டியவரின் முகம் தெளிந்துவிட்டது. "மேடம் ஓட்டறாங்களா? அப்ப சரி சார். லேடீஸ் பொதுவா இடது கால கிளட்ச் மேலேயே வெச்சிக்கிட்டு ஓட்டுவாங்க. அதான் கியர்பாக்ஸ் போயிருக்கு. இது வாரண்டில வராது."

எங்கள் கைச்செலவில்தான் சரிசெய்ய வேண்டும் என்று ஆயிற்று. அந்த வருஷம் வாங்குவதாக இருந்த ஃப்ரிட்ஜ் அப்படியே கியர்பாக்ஸுக்குள் போய்விட்டது. அப்பா வீட்டுக்கு வந்து விஷயத்தை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் என் காலைப் பாத்தாரா?"

"அப்படி இல்ல. பொதுவாச் சொன்னாரு. எதுக்கும் கொஞ்ச நாள் நான் மட்டும் ஓட்டிப் பாக்கறேனே."

"தாராளமா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா தன்னிடமிருந்த சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை. ஓட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை, காரில் ஏறுவதையும் நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, கடைக்கு எல்லாவற்றுக்கும் ஷேர் ஆட்டோதான். குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவும் அத்தையும் காரில் போக, அம்மாவும் நானும் ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக்கொண்டு போனோம். சேலையூர் தாண்டியதும் எங்கள் ஆட்டோ எங்கள் காரையே முந்தியது. நான் எம்பி எம்பிப் பார்த்தேன். அம்மா திரும்பவே இல்லை. ஆனால் இறங்கும்போது ஆட்டோக்காரரிடம், "நல்லா ஓட்டறீங்க தம்பி" என்று சொன்னாள். அவள் யாரையும் சாதாரணமாகப் பாராட்டுகிறவள் இல்லை.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா ஏதாவது கேட்டால் அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அது அப்பாவுக்குச் சாம்பாரில் உப்பு இல்லாததைவிடக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார். செருப்பெல்லாம் புழுதி. கார் எங்கே என்று நான் கேட்டேன். "ஆபீஸ்லயே விட்டுட்டேன். ஒரே டிராஃபிக்" என்று சொல்லிவிட்டுக் காபியோடு உட்கார்ந்தார்.

அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் பாய் வந்தார். அடுத்த தெருவில் குடியிருந்தவர், கேம்ப் ரோட்டில் இரும்புக் கடை வைத்திருந்தார். எங்கள் காரைப் பார்த்துவிட்டு அதே கார், அதே வெள்ளி நிறத்தில் வாங்கியவர்.

"சார், கேம்ப் ரோடாண்ட உங்க வண்டியக் கயிறு கட்டி இழுத்துகினு போனாங்களே. கியர்பாக்ஸா?"

அப்பா டம்ளருக்குள் ஏதோ விழுந்துவிட்டது போல் உற்றுப் பார்த்தார். பாய் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு அவருடைய துக்கம்.

"எனக்கும் போச்சு சார். ஒரே பேஜாரு. இரும்புக் கடை வெச்சிகினு கீறேன்னு சொன்னதுதான் தப்பாப் பூட்ச்சு. வண்டில கம்பி ஏத்தியிருப்பீங்க, அதான் போச்சுன்றான். புள்ளைங்களத் தவிர வேற எதையும் அதுல ஏத்தினதே இல்ல சார்."

அடுப்படியிலிருந்து அம்மா தோசைத் திருப்பியோடு வெளியே வந்தாள். "பாய், உங்க வீட்ல அக்கா கார் ஓட்டுவாங்களா?"

"அவங்க எங்க டீச்சர், சைக்கிள் கூட மிதிக்க மாட்டாங்க."

"அப்ப லேடீஸ் ஓட்டினதால போகல."

"அட, அது மட்டுமில்ல டீச்சர். எங்க தெருவுல ரிட்டயர்டு ரயில்வே சார் கீறாரே, அவுரும் இதே வண்டிதான். அவுருக்கும் போச்சு. நீங்க ரொம்ப மெதுவா ஓட்டறீங்க, அதான்னு சொல்லிட்டானாம்."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முடியாமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உள்ளே தோசை கருகும் வாசனை வந்தது. அப்பா எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அணைத்தவர் வெகுநேரம் உள்ளேயே இருந்தார். பாய் ஒன்றும் புரியாமல், தானும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் ஷோரூமுக்குப் போனோம். கைக்காசு போட்டுச் சரிசெய்து அப்போதைக்கு ஓடிக்கொண்டிருந்த பாயின் காரில் முன்னால் பாயும் அப்பாவும், பின்னால் அம்மா, நான், ரயில்வே சார். ரயில்வே சார் வழியெல்லாம் "கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேனேஜரின் ஏ.சி. அறையில் டை கட்டியவரும் இருந்தார். அப்பா தொண்டையைச் செருமினார். ஆனால் பேசியது அம்மாதான். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போலவே நின்றாள்.

"சார், மூணும் ஒரே வண்டி. மூணும் ஒரே இடத்துல உடைஞ்சிருக்கு. இவர் பாரம் ஏத்தினாராம். அவர் மெதுவா ஓட்டினாராம். நான் லேடீஸ். சரி. இப்ப எங்க வண்டி ரெண்டாவது தடவை போயிருக்கு. இந்தத் தடவை என் வீட்டுக்காரர் மட்டும்தான் ஓட்டினார். இவர் என்ன தப்புப் பண்ணாருன்னு சொல்லுங்க, தெரிஞ்சிக்கிறேன்."

டை கட்டியவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பாவம், பழக்கதோஷம். "சார்... நீங்க கியர் மாத்தறப்போ ரொம்ப அழுத்தி மாத்துவீங்களோ?"

முதலில் வெடித்துச் சிரித்தவர் ரயில்வே சார். பிறகு பாய். பிறகு மேனேஜரே உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "மேடம், என்னோடதும் அதேதான். மேடு பள்ளத்துல ஓட்டினேனாம். நம்ம ஊர்ல வேற எதுல ஓட்டறது?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சில தலைகள் தெரிந்தன. மேனேஜர் அவசரமாக எழுந்து கதவைச் சாத்திவிட்டு எல்லோருக்கும் பாதாம் பால் வரவழைத்தார். எனக்கும் ஒரு பாட்டில் வந்தது. அந்த மேனேஜர் மிக நல்லவர் என்று நான் அப்போதே தீர்மானித்தேன்.

பிறகு பல தடவை நடந்துதான் காரியம் முடிந்தது. மூன்று வண்டிகளுக்கும் புது கியர்பாக்ஸ் செலவில்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். தங்கள் தயாரிப்பில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் செய்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தை அம்மாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. முதல் தடவை நாங்கள் செய்த செலவும் திரும்பி வரவில்லை. ஃப்ரிட்ஜ் அடுத்த வருஷம்தான் வந்தது. அத்தை மட்டும், புது கியர்பாக்ஸுக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டியை எடுக்கப் போன அன்று மேனேஜர் சாவியை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்காமல் அம்மா பக்கம் கைகாட்டினார். அம்மா சாவியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு வாங்கிக்கொண்டு போய் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்னால் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அப்பா அங்கே போகவில்லை. பின்கதவைத் திறந்து, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எனக்கு விசித்திரமாக இருந்தது. முன்பெல்லாம் அம்மா ஓட்டினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் வருவார். பார்த்து, பிரேக், லெஃப்ட்ல லாரி, இப்ப மாத்து, இப்ப மாத்தாத என்று வீடு வந்து சேரும்வரை ஓயாது. அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. சானடோரியம் அருகே தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே புகுந்தது. அப்பாவின் கை முன்சீட்டை இறுக்கிப் பிடித்தது. உதடு திறந்தது, பிறகு தானாக மூடிக்கொண்டது. அம்மா லாரிக்கு வழிவிட்டு, கியரை மாற்றி, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கவலையாகிவிட்டது. "அப்பா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"பேசாம வா" என்றார் அப்பா, வெளியே பார்த்துக்கொண்டு.

அம்மா கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் கேட்ட கேள்விக்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவுக்குக் கட்டாயம் தலைவலிதான் என்று எனக்குள் முடிவுசெய்துகொண்டு, அவர் முகத்தில் கொஞ்சம் காற்று படட்டும் என்று அவர் பக்கத்துக் கண்ணாடியை எட்டிச் சுற்றி இறக்கிவிட்டேன்.