குன்னத்துக்கு அப்பால் ஒரு எல்லைக்கல்

காலை ஏழரைக்கெல்லாம் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறிவிட்டோம். அது எட்டேகாலுக்குத்தான் கிளம்பியது. ஓட்டுநர் டீ குடித்தார், பேப்பர் படித்தார், மறுபடியும் டீ குடித்தார். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸில் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை போலும். பக்கத்தில் இருந்த கவிதா கைப்பேசியை எடுத்து எடுத்து மணி பார்த்தாள். அவளும் நானும் தஞ்சாவூரில் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். குன்னத்துக்கு அப்பால் இருக்கும் அவள் ஊரில் அன்று நிலம் அளக்க சர்வேயர் வருவதாக இருந்தது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். நானும் கூடப் புறப்பட்டுவிட்டேன். பெரம்பலூரில் ஒரு வேலையை முடித்து முதல் நாள் இரவு அங்கேயே தங்கியிருந்தோம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். குன்னம் ஏறக்குறைய பாதி வழியில். வழி நெடுக மக்காச்சோளம், பருத்தி, இடையிடையே சின்ன வெங்காயம். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வானத்தை நம்பி இவ்வளவு பயிர் நிற்பதே ஆச்சரியமாக இருந்தது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது ஜன்னலோரப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் இல்லாத நான் தூசியைத் தின்றுகொண்டே கவிதா வீட்டுக் கதையைக் கேட்டேன்.

அவள் அப்பாவுக்கு ஒரே தம்பி, முருகேசன். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது, மூத்தவர் நிலத்தை இரண்டாக வகுத்துக் கல் நட வேண்டும், இளையவர் தனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தம்பி கிணறு இருந்த பாதியை எடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் அண்ணனுக்குத் தண்ணீர் என்று வாயால் பேசி முடித்தார்கள். எழுத்து எதுவும் கிடையாது, பட்டா இன்றுவரை கூட்டுப் பட்டா. அப்பா இறந்த பிறகும் தண்ணீர் முறை தவறவில்லை. இப்போது சித்தப்பா தன் பாதியைச் சுரங்கம் வெட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்.

“பாகமே பிரிக்கலன்னு அம்மா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு வக்கீல் சொல்றாரு டீச்சர். அப்பத்தான் நிலத்தைத் தனியாப் பிரிக்க முடியாது, கெணறு பொதுவுல நிக்கும். கல்லைக் காட்டிட்டா கெணறு வேலிக்குள்ள போயிடும்” என்றாள் கவிதா. “பத்து தரம் சொல்லியிருக்கேன். தலைய தலைய ஆட்டுது. அதான் பயமா இருக்கு.”

ஊர் நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். பாதையின் இடப்பக்கம் கம்பி வேலி. அதற்குள் சுண்ணாம்புக்கல் சுரங்கம்; எட்டிப் பார்த்தேன். அடியில் நின்ற லாரி தீப்பெட்டி அளவில் தெரிந்தது. வேலி முடியும் இடத்தில் கவிதாவின் அம்மா பட்டம்மாளின் வெங்காயக் கொல்லை. “வாங்க டீச்சர், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். சாப்பாடு அப்போது யாருக்கும் இறங்கியிருக்காது.

பதினோரு மணிக்குச் சர்வேயர் வந்தார். கூடவே வெள்ளைச் சட்டையில் கம்பெனிக்காரர் ஒருவர். முருகேசன் எங்களைப் பார்க்காமல் தள்ளி நின்றார். கொல்லை நடுவே முழங்கால் உயரத்துக்குக் கோரை மண்டிக் கிடந்தது. கல் என்று ஒன்று இருப்பதே வெளியாளுக்குத் தெரியாது.

“நீங்களும் கொழுந்தனாரும் பாகம் பிரிச்சுட்டீங்களாம்மா?” என்று சர்வேயர் கேட்டார்.

“இல்லீங்க சார்...” என்று ஆரம்பித்தார் பட்டம்மாள். கவிதா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சொல்லுங்கம்மா, சொல்லித் தொலைங்க என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அவர் முடிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய்க் கோரையை இரண்டு கையாலும் விலக்கினார். “இதுதாங்க. எங்க வூட்டுக்காரர் நட்ட கல்லு. இது இல்லன்னு நான் எப்புடி சொல்லுவேன்? தண்ணி முறையும் பேசியிருக்குங்க சார், அதையும் எழுதிக்குங்க.”

“தண்ணியெல்லாம் நீங்க பேசிக்கிட்டதும்மா. அளவையில அது வராது” என்றார் சர்வேயர். சங்கிலியை இழுத்தார்கள். கிணறு கம்பெனிப் பக்கம் விழுந்தது. கவிதா “அம்மா!” என்று கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்தக் கல்லைப் பிடுங்கிச் சுரங்கத்தில் வீச வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

பட்டம்மாள் அழவில்லை. கம்பெனிக்காரரிடம் போய், “வெங்காயத்துக்கு இன்னும் ரெண்டு தண்ணி கட்டணும் சார். அதுவரைக்கும் மோட்டாரை விடுவீங்களா?” என்று கேட்டார்.

“மேல கேட்டுச் சொல்றேம்மா” என்றார் அவர், மோட்டார் அறைச் சாவியை முருகேசனிடமிருந்து வாங்கிக்கொண்டே.

மூன்று மணிக்கு நாங்கள் கிளம்பும்போது, பட்டம்மாள் பாத்தியில் உட்கார்ந்து முற்றாத வெங்காயத்தைப் பிடுங்கத் தொடங்கியிருந்தார். எங்கள் ஊரில் மதகைத் திறந்தால் என் அண்ணன் வயலுக்குத் தண்ணீர் தானாக வரும். அது யார் பேச்சை நம்பி வருகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. இங்கே ஒருவர் பேச்சு தவறியதும் கொல்லையே போய்விட்டது.

நிறுத்தத்தில் அரியலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது முருகேசன் வண்டியில் வந்து இறங்கினார். கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் என்னிடம்தான் பேசினார்.

“எங்க அண்ணி வில்லங்கம் பண்ணுமோன்னு கம்பெனிக்காரங்க மொதல்ல தயங்குனாங்க டீச்சர். நாந்தான் சொன்னேன், அது பொய் சொல்லாதுங்க, தைரியமா வாங்குங்கன்னு.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான்.