கிரகப்பிரவேசத்தில் பால் குடிக்காத அண்ணன்

போன ஞாயிற்றுக்கிழமை, சென்னையில், ஒரு டம்ளர் பாலுக்காக எங்கள் குடும்பம் இரண்டாக உடையப் பார்த்தது.

உடைக்கப் பார்த்தவர் என் கணவர் ராஜேந்திரன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், பாறைக்கு வெடி வைக்கிற பிரிவில் மேற்பார்வையாளர். பகல் முழுக்கப் பூமியை அதிர வைத்துவிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே "தயிரு இருக்கா?" என்று கேட்கிற ரகம். தயிர் இல்லாத நாளில் அவர் முகத்தைப் பார்த்தால், வீட்டில் ஏதோ துக்கம் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர் ஆறு மாதத்துக்கு முன்பு ஒருநாள் தயிரைத் தள்ளி வைத்தார். மறுநாள் டீயை. ஞாயிற்றுக்கிழமை கறியை. அப்புறம் முட்டையை...

"ஏங்க, என்னாச்சு?"

"வவுறு ஒத்துக்கல. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு."

எந்த டாக்டர்? பேச்சை மாற்றினார். மருந்துச் சீட்டு? இல்லை. மாத்திரை? அதுவும் இல்லை. ஃபீஸ் வாங்காமல், சீட்டு எழுதாமல், மாத்திரையும் தராமல் வைத்தியம் பார்க்கிற டாக்டர் நம் நாட்டில் இருக்கிறாரா? இருந்தால் முகவரி கொடுங்கள், நானே போய்ப் பார்க்கிறேன்.

கல்லூரியில் படிக்கிற மகள்தான் போனில் தீர்ப்புச் சொன்னாள். "அம்மா, அப்பா சாப்பிடுறதுக்குப் பேரு வீகன். மாடு, ஆடு, கோழி எதுகிட்டயிருந்தும் எதையும் எடுத்துக்க மாட்டாங்க."

பெயர் கிடைத்தது எனக்கு ரொம்ப வசதியாகிவிட்டது. பெரம்பலூரில் என் ஆபீஸில் போய், "எங்க வூட்டுக்காரரு வீகன் ஆயிட்டாரு" என்றேன். பக்கத்து சீட் சரோஜா மேடம் பதறிப்போய், "வீக்கமா? எங்க, காலுலயா?" என்றார்.

வீட்டுக் கொட்டகையில் கறவை மாடு நிற்கிறது; வீட்டுக்காரருக்குக் கடுங்காப்பி. மாட்டைக் குளிப்பாட்டுவார், தீனி வைப்பார், நெற்றியைத் தடவிக் கொடுப்பார். பால் மட்டும் கறக்க மாட்டார். அது என் டிபார்ட்மெண்ட் ஆகிவிட்டது. இதை வைத்து நான் அடித்த ஜோக்குகளைத் தொகுத்தால் ஒரு சின்னப் புத்தகம் வரும். "பாறைக்கு வெடி வைக்கிற கை, பாலைத் தொட நடுங்குது" என்பது அதில் முதல் அத்தியாயம். அவர் கோபப்பட மாட்டார். சிரித்தும் தொலைக்க மாட்டார். உப்புப் போட்ட கஞ்சியைக் குடித்துவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவார்.

இந்த நிலையில்தான் அவருடைய தங்கை கலைச்செல்வி சென்னையில் ஃபிளாட் வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தாள். கலைக்கு அப்பா, அம்மா இல்லை. அண்ணன்தான் எல்லாம். கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்ததே அவர்தான்.

கிரகப்பிரவேசம் என்றால் என்ன? பால் காய்ச்சுவது. புதுப் பாத்திரத்தில் பால் பொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். கலை முதல் டம்ளரை எடுத்து, பட்டுப்புடவை சரசரக்க நேராக அண்ணனிடம் வந்தாள்.

"மொத டம்ளர் ஒனக்குத்தாண்ணே."

"எனக்கு வேணாம் கலை. மத்தவங்களுக்குக் குடு."

"ஒரே ஒரு வாய்ண்ணே. ஒதட்டுல வெச்சுட்டுக் குடுத்துரு."

"வேணாம்மா. வவுறு சரியில்ல."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த அவருடைய பெரியப்பா ஒருவர்தான் பொறுக்காமல் வாயைத் திறந்தார்.

"ஏன்டா ராசேந்திரா, பாறைக்கு வெடி வெக்கிறவன், ஒரு டம்ளர் பாலுக்குப் பயப்படுறியே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

இங்கேதான் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. அது என் வசனம். ஆறு மாதமாக நான் பாடுபட்டு வளர்த்த வசனம். அதை இன்னொருவர் சொல்லி, நாற்பது பேர் சிரித்து, நடுவில் அவர் தலையைக் குனிந்து நின்றபோது... எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"குடிக்கலன்னா வுடுங்களேன் மாமா! அவரு வவுறு, அவரு பாடு. இதுல ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

நான் சொன்ன சத்தத்தில் புரோகிதர் மந்திரத்தை ஒரு வரி விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். கலை கண் கலங்கி, டம்ளரைச் சமையல் மேடையில் வைத்தாள். "என் வூட்டு மொதப் பாலு எங்கண்ணனுக்கு ஆகாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இவர் மெதுவாக வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டினார். லிஃப்டில் இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். வேறென்ன செய்ய?

அடுத்து ஒரு சின்னப் பிரச்சினை. அவர் காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை. விசேஷ வீட்டு டிபனில் பொங்கலுக்கு நெய், கேசரிக்கு நெய், வடைக்குத் தயிர். இலைக்கு மட்டும்தான் எதுவும் தடவவில்லை. ஆனால் இது சென்னை அல்லவா? தெருவுக்கு நாலு சைவ ஹோட்டல். இவருக்கா சாப்பாடு கிடைக்காது?

கிடைக்கவில்லை.

முதலில் ஒரு பெரிய ஹோட்டல். வாசலில் 'உயர்தர சைவம்' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு. சர்வர் நடுத்தர வயது, பொறுமைசாலி.

"நெய் இல்லாம பொங்கல் இருக்குங்களா?" என்றார் இவர்.

"நெய் இல்லாட்டி அது பொங்கல் இல்ல சார், குழைஞ்ச சோறு."

"சாம்பார் இட்லி?"

"மேல நெய் மெதக்கும் சார்."

"சாதா தோசை... எண்ணெய்ல மட்டும். நெய், வெண்ணெய் எதுவும் வேணாம்."

"ஓகே சார்."

தோசை வந்தது. பொன்னிறம். பளபளப்பு. இவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து சர்வரைப் பார்த்தார். சர்வர் வெட்கத்தோடு சிரித்தார்.

"ஊர்லேருந்து வந்திருக்கீங்க போலருக்கு... நாந்தான் மாஸ்டர்கிட்ட சொல்லி ஒரு ஸ்பூன் நெய் சேத்து விடச் சொன்னேன் சார்."

இந்த அன்புக்கு என்ன பதில் சொல்வீர்கள்? தோசையை நான் சாப்பிட்டேன். அருமையான நெய்.

இரண்டாவது கடையில் மெனு கார்டே அரைக் கிலோ கனம், எல்லாவற்றிலும் பனீர். மூன்றாவது ஒரு கண்ணாடிக் கடை. உள்ளே பச்சை இலைகளைக் கிண்ணத்தில் போட்டு, கூட ஒரு முள்கரண்டியையும் போட்டுக் கொடுத்தார்கள். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத மாட்டுக்கு வெச்சா அது திங்கும். நான் மாடு இல்லியே" என்றார். ஆறு மாதத்தில் அவர் அடித்த முதல் ஜோக். குறித்துக்கொண்டேன்.

மணி பன்னிரண்டு தாண்டியது. வெயில். அவர் முகம் கறுத்துவிட்டது. முதல் ஹோட்டலைத் தாண்டித் திரும்பி வந்தபோது, வெளியே பீடா போட்டுக்கொண்டிருந்த அதே சர்வர் ஓடி வந்தார்.

"சார், இன்னும் சாப்பிடலியா? ரெண்டாவது லெஃப்ட்ல டெய்லர் கடை இருக்கும். அதுக்கு மாடில ஒரு மெஸ். பாலு, நெய்யி எதுவும் கிடையாது. லீவு நாள்ல நானே அங்கதான் சார் சாப்பிடுவேன். எங்க முதலாளிகிட்ட சொல்லிராதீங்க."

படியேறினோம். எட்டு டேபிள். ஓடாத ஏசி. நான் பேனாவைக் கூர் தீட்டிக்கொண்டேதான் உள்ளே போனேன். பால் இல்லாத மெஸ்! வாராவாரம் நான் எழுதுகிற இந்த நகைச்சுவைப் பத்திக்கு விஷயம் ஆயிற்று என்று மனசுக்குள் ஒரே குஷி.

வாழையிலை போட்டார்கள். பலாக்காய் பிரியாணி. வாழைப்பூ உருண்டைக் குழம்பு. தேங்காய்ப்பால் ரசம். நான் ஏற்கெனவே ஒரு தோசை சாப்பிட்டவள்... ருசி பார்க்கலாம் என்று ஒரு வாய் எடுத்தேன். பிறகு பிரியாணியை இரண்டு முறை கேட்டு வாங்கினேன். பேனா கைப்பையிலேயே கிடந்தது.

கடைசியாக, கடை நடத்துகிற பெரியவரே ஒரு கிண்ணத்தோடு வந்தார். "தயிர்சாதம் வெக்கட்டுங்களா?"

இவர் கையால் இலையை மறைத்தார். "தயிரு வேணாங்க."

"முந்திரிப் பருப்பை ஊற வெச்சு அரைச்சு, பாலெடுத்து ஒறை போட்டதுங்க. சாப்பிட்டுப் பாருங்க."

ஒரு வாய் சாப்பிட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதமாகத் தயிரைப் பார்க்காத மனிதர். கடுகு, பச்சை மிளகாய், அதே புளிப்பு. நாலு உருண்டை போனது. ஐந்தாவதற்கு அவரே இலையை நகர்த்தினார்.

"முந்திரி எங்கேருந்து வாங்குறீங்க?" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"ஜெயங்கொண்டத்துல இருந்துதாம்மா வருது."

எப்படி இருக்கிறது கதை? எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆகி இங்கே வந்து அபார்ட்மெண்ட் ஆகிறது. எங்கள் ஊர் முந்திரி இங்கே வந்து தயிர் ஆகிறது. நாங்கள் மட்டும் அங்கேயே இருந்துகொண்டு, சென்னைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெரியவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருஷம் டீக்கடை வைத்திருந்தவராம். "பேத்திக்குப் பாலுன்னா அலர்ஜி. ஒடம்பெல்லாம் தடிச்சுப் போகும். அவளுக்காக வூட்டுல செஞ்சு பழகினதுதாங்க இதெல்லாம். ஒங்களுக்கு எப்படிங்க? டாக்டர் சொன்னாரா?"

நான் காதைத் தீட்டினேன். அந்த மர்ம டாக்டரின் பெயர் இப்போதாவது வெளியே வருமா?

"டாக்டர்லாம் இல்லீங்க" என்றார் இவர்.

இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வூட்டு மாடு கன்னு போட்டுச்சு. காளைக்கன்னு. கலப்பு மாட்டுக் காளை எதுக்கும் ஒதவாதுன்னு, இருபதாம் நாளு அடிமாட்டு வண்டிக்காரன்கிட்ட குடுத்துட்டோம். நாந்தான் தூக்கி வண்டில வெச்சேன். வண்டிக்குள்ள எறக்கி வுட்டதும்... என் வெரலைப் புடிச்சுச் சப்புச்சுங்க. மடின்னு நெனச்சுக்கிச்சு. வண்டி கெளம்புற வரைக்கும் வுடல. நாந்தான் புடுங்கிக்கிட்டேன். தாய் மூணு நாளு கத்துச்சு. அதுக்கப்பறம் தட்டுல தயிரைப் பாத்தா, அந்த வெரலு ஞாபகம் வந்துருதுங்க."

பெரியவர் எழுந்து போய் இன்னும் ஒரு கரண்டி தயிர்சாதம் கொண்டுவந்து வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கட்டிய மனைவிக்குச் சொல்லாததை, கால் மணி நேரத்துக்கு முன்னால் பார்த்த ஒருவரிடமா சொல்வது? படியிறங்கும்போது கேட்டே விட்டேன்.

"ஏங்க, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுதிருவ."

"அப்படியெல்லாம்..."

"மாடு கத்துனதையே எழுதுனவதான நீ?"

உங்களில் சிலருக்கு அந்தப் பத்தி நினைவிருக்கலாம். எங்கள் வீட்டு மாடு மூன்று நாளாகக் கச்சேரி செய்கிறது, ராகம் தெரியவில்லை, பக்கவாத்தியம் தேவை என்றெல்லாம் எழுதியிருந்தேன். நன்றாக இருந்தது என்று நிறையப் பேர் சொன்னீர்கள். நானும் நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாடு எதற்குக் கத்துகிறது என்று தெரிந்தேதான் எழுதினேன். அதுதான் உறைத்தது.

தெருவில் நின்று, "தப்புதாங்க" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் என் வாயிலிருந்து கேட்டதில்லை. திகைத்துப்போய், "சரி, வா, கலை தேடும்" என்றார்.

போகிற வழியில் இரண்டு தேங்காய் வாங்கினார்.

ஃபிளாட்டில் கூட்டம் வடிந்திருந்தது. பெரியப்பா சோபாவில் குறட்டை. கலை சமையலறையில் முகம் கொடுக்காமல் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர் தேங்காயை மேடையில் வைத்துவிட்டு, அவளிடமும் அதே கதையைச் சொன்னார். வண்டி. விரல். மூன்று நாள். இந்த முறை கொஞ்சம் தடுமாறாமல் சொன்னார்.

கலை கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, நானே ஒனக்குத் தேங்காப்பால் வெச்சிருப்பேன்ல? வவுறு சரியில்லன்னு எதுக்குண்ணே பொய் சொன்ன? என் வூடு ஒனக்குப் புடிக்கலையோன்னு நெனச்சுட்டேன்..."

"சிரிப்பாங்கன்னுதாம்மா."

கலை என்னைப் பார்த்தாள். நான் தேங்காய் துருவ ஆரம்பித்தேன்.

பாலெடுத்து, அதே புதுப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்தாள். தேங்காய்ப்பாலைப் பொங்க விட்டால் திரிந்துவிடும். அவளுக்கா தெரியாது? ஓரத்தில் நுரை கட்டியதுமே அடுப்பை அணைத்து, "பொங்கிருச்சு!" என்று அவளே அறிவித்தாள். வெல்லம் தட்டிப் போட்டு முதல் டம்ளரை நீட்டினாள். அண்ணன் ஒரே மூச்சில் குடித்தார். மிச்சத்தை நானும் கலையும் பங்கு போட்டுக்கொண்டோம். குறட்டை விட்டவருக்குக் கொடுக்கவில்லை.

நான் வீகன் ஆகிவிட்டேனா என்று கேட்காதீர்கள். ஊர் திரும்பும்போது ரயிலிலேயே பால் டீ வாங்கிக் குடித்தேன். ஆனால் அடுத்த கன்று காளையாக இருந்தாலும் வண்டி வராது என்று முடிவாகியிருக்கிறது. அதற்குத் தீனிக்கு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒரு மனிதர் கேலிக்குப் பயந்து வியாதி இருப்பதாகப் பொய் சொல்கிறார் என்றால், அங்கே நகைச்சுவை கொஞ்சம் அளவுக்கு மீறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"எழுதிக்க. கன்னுக்குட்டிய மட்டும் கேலி பண்ணிறாத."

பண்ணவில்லை. ஆனால், இல்லாத டாக்டரைக் காட்டி ஆறு மாதம் என்னை ஏமாற்றிய மனிதரைச் சும்மா விடுவதாக நான் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை!